ஈனாத மாடு நகரட்டும்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், புல் போர்த்திய மணல்மேடுகளாக ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது சாண்ட்ஹில்ஸ். அங்குள்ள இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் காளையைக் கூட்டத்தில் விடும் காலம் குறுகியது. அதனால் நூற்றுக்கணக்கான பசுக்கள் இரண்டு மூன்று மாதங்களுக்குள் அடுத்தடுத்து ஈனுகின்றன. கண்பார்வையில் இருக்கட்டும் என்று சினை மாடுகளை வீட்டருகே ஒரே பட்டியில் அடைப்பது பழைய வழக்கம். இளங்கன்றுகளை வாரிக்கொண்டு போகும் கழிச்சல் நோய் பெருகுவது அந்தப் பட்டியில்தான். மருந்தைக் கூட்டுவதைவிட மாடு நிற்கும் இடத்தை மாற்றுவதே அதற்குச் சரியான வழி என்பேன்.

பசுவின் நஞ்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புப் பொருள் கருவுக்குள் போவதில்லை. பிறந்த கன்றுக்குச் சீம்பால்தான் கவசம். அதையும் முதல் சில மணி நேரத்தில்தான் குடல் நன்றாக உறிஞ்சும், ஒரு நாளுக்குள் அந்த வாசல் அடைபட்டுவிடும். (நஞ்சுக்கொடி விழட்டும் என்று கன்றைக் காக்கவைக்கும் நம்மூர் வழக்கத்தால் இந்தப் பொன்னான நேரம்தான் வீணாகிறது.) தள்ளாடி எழும் கன்றுக்கு மடி உடனே அகப்படாது. தாயின் தொடையை, வயிற்றை, முன்னங்கால் இடுக்கையெல்லாம் முட்டி நக்கித் தேடும். சேற்றில் படுத்தெழுந்த மாடானால் சீம்பாலுக்கு முன்பே சாணம் உள்ளே போகிறது. ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் ஆகிய கழிச்சல் கிருமிகள் பெரிய மாட்டிடமிருந்து சிறிதளவே வெளியேறும். ஒரு கன்றின் குடலுக்குள் போனால் பல மடங்காகப் பெருகும். முதலில் பிறந்தவை தப்பிவிட, கடைசியில் பிறப்பவை அவை கழித்த தரையில் வந்து விழுகின்றன.

இந்தச் சங்கிலியை அறுக்க, 2000-களின் தொடக்கத்தில் நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகக் கால்நடை ஆய்வாளர்கள் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். முதல் மேய்ச்சல் நிலத்தில் இரண்டு வாரம் ஈனவிட்டு, இன்னும் ஈனாத மாடுகளை மட்டும் புது நிலத்துக்கு ஓட்டுவது. பிறகு வாரம் ஒருமுறை அப்படியே. கன்றோடு இருப்பவை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு நிலத்துக் கன்றுகளுக்குள் ஓரிரு வாரத்துக்கு மேல் வயது வித்தியாசம் வராது. கடைசிக் கன்று நான்கு வாரத்தைத் தாண்டிய பின் எல்லாவற்றையும் ஒன்றாக்கலாம். வயிறு கனத்த மாடுகளை ஓட்டுவது, கன்றும் தாயுமாகப் பிரித்து ஓட்டுவதைவிட எளிது என்பது கூடுதல் லாபம்.

சினை மாட்டுக்குத் தடுப்பூசி போட்டால் போதாதா என்று கேட்கலாம். அது சீம்பாலின் தரத்தை உயர்த்தும், சரிதான். ஆனால் தரையில் கிருமி மலிந்துவிட்டால் நல்ல சீம்பால் குடித்த கன்றும் தோற்கும். நிலத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி இதைவிட வலுவானது. சிறு பண்ணைக்கு ஏழெட்டுத் துண்டு வாய்க்காது. வாய்த்தாலும் ஒவ்வொன்றிலும் தண்ணீரும் காற்றுத் தடுப்பும் வேண்டும். சிறு பண்ணைக்காரர்கள் மின்வேலி கட்டி மூன்று நான்காகப் பிரித்து, பத்து நாளுக்கு ஒருமுறை நகர்த்தலாம். பலன் குறையும், அற்றுப்போகாது. ஈனும் பருவத்தைக் கோடைத் தொடக்கத்துக்குத் தள்ளுவோரும் உண்டு. சேறும் குளிரும் விலகும். ஆனால் வழக்கமான இலையுதிர்காலச் சந்தைக்குக் கன்று எடை குறைந்து போகும். நிலம் மாற்றும் இந்த முறை இரக்கத்தாலும் குலைவதுண்டு. கன்றை இழந்த பசுவுக்கு ஒட்டவைக்க, ஏலச் சந்தையிலிருந்து ஒரு பால்மாட்டுக் கன்றை வாங்கி வந்து நேராகக் கூட்டத்தில் விடுகிறார்கள். எங்கெங்கோ திரட்டிய கிருமியும் அதோடு வந்து இறங்குகிறது. வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் அந்தக் கன்றையும் வளர்ப்புத் தாயையும், மற்றக் கன்றுகள் நான்கு வாரத்தைத் தாண்டும்வரை தனியே கட்ட வேண்டும்.