கூறைச்சேலையும் குட்டைமுடியும்
வன்னியில் மணப்பெண்ணின் கூந்தல் அலங்காரம் வெறும் ஒப்பனை விடயமன்று. இறுதிப் போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளால் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட யுவதிகள் பலரின் கூந்தல் கத்தரிக்கப்பட்டது. 2009 இல் அக்குட்டைமுடியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 2010 ஜூனில் வவுனியாவில், புனர்வாழ்வு பெற்றுவந்த முன்னாள் போராளிகளான 53 சோடிகள் மணவறை ஏறினர். இன்றும் குட்டைமுடியுள்ள மணமகளை நீண்ட பின்னலுக்கு வற்புறுத்துவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுமென்போம்.

பற்றிக்கொள்ள முடி போதாவிடின் சவுரி பாரத்தில் நழுவும். கழுத்தளவு முடியைப் பிடரியில் சிறு கொண்டையாக்கி மல்லிகைச் சரம் சுற்றினால் போதும்; தாலி கட்டுமுன் கூறை மாற்றி வருகையிலும் அது குலையாது. (உயர்ந்த கொண்டை புகைப்படக்காரருக்காகவே என்பது எமது ஐயம்.) முக்காடிடும் முஸ்லிம் மணமகளுக்கும் தாழ்ந்த கொண்டையே வசதி, துணி வழுகாது, ஊசியும் குறைவு.