முதலமைச்சர் ஆன பக்கத்து ஊர்க்காரர்

கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் கியாசம்பள்ளி என்று ஒரு கிராமம். அங்கே 1902-ஆம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. பெயர் செங்கலராய ரெட்டி. பின்னாளில் அவர்தான் மைசூர் மாநிலத்தின் முதல் முதலமைச்சர். கே. சி. ரெட்டி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

அவர் பிறந்த காலத்தில் மைசூரில் மன்னர் ஆட்சி. 1881-லேயே மக்கள் பிரதிநிதி சபை ஒன்று தொடங்கியிருந்தார்கள். அதில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? நிலக்காரர்களும் வியாபாரிகளும்தான். அவர்கள் குறைகளைச் சொல்லலாம். சட்டம் போட முடியாது. ஏர் பிடித்தவருக்கும் கூலி வேலை செய்தவருக்கும் அங்கே இடமே இல்லை.

இங்கிலாந்திலும் நெடுங்காலம் இப்படித்தான். பெரிய பண்ணைக்காரர்களே பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 21 வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வந்தது 1918-ல்தான்.

ரெட்டி சட்டம் படித்தார். ஆனால் கோர்ட்டோடு நிற்கவில்லை. கிராமத்து மக்களைச் சேர்த்து, பிரஜா பட்சம் என்ற கட்சியை நண்பர்களோடு தொடங்கினார். 1937-ல் அந்தக் கட்சிக்காரர்கள் காங்கிரசில் சேர்ந்தார்கள்.

1947 ஆகஸ்டு 15-ல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. ஆனால் மைசூரில் பழைய ஆட்சியே நடந்தது. அப்போது அங்கே திவானாக இருந்தவர் ஒரு தமிழர், ஆற்காடு ராமசாமி முதலியார். மக்கள் சும்மா இருப்பார்களா? செப்டம்பரில் "மைசூர் சலோ" என்று கிளம்பிவிட்டார்கள். "மைசூருக்குப் போவோம்" என்று அர்த்தம். தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள். போராட்டம் நிற்கவில்லை. கடைசியில் மன்னர் இறங்கி வந்தார். அக்டோபரில் ரெட்டி முதலமைச்சர் ஆனார்.

பிறகு அவர் டில்லியில் மத்திய அமைச்சராக இருந்தார். 1965 முதல் 1971 வரை மத்தியப் பிரதேச ஆளுநர். 1976-ல் காலமானார்.

அவர் முதலமைச்சராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அதுதான் நாட்டின் முதல் பொதுத் தேர்தல். மைசூரில் 1952 தொடக்கத்தில் ஓட்டுப் போட்டார்கள். 21 வயது ஆனால் போதும். நிலம் வேண்டாம், வரி கட்டிய ரசீது வேண்டாம், படிப்பும் வேண்டாம். நூறு ஏக்கர் வைத்திருந்தவருக்கு ஒரு ஓட்டு. அவர் வயலில் களை எடுத்த பெண்ணுக்கும் ஒரு ஓட்டு. தங்கவயல் சுரங்கத்தில் இறங்கிப் பாறை உடைத்தவருக்கும் அதே ஒரு ஓட்டுதான்.