காகிதக்கூழ்க் கோள் மாதிரிகள்

காகிதக்கூழ்க் கோள் மாதிரிகள் என்பவை பழைய செய்தித்தாள், பசை ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யப்படும் சூரியக் குடும்பக் கோள்களின் உருவங்கள் ஆகும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளும் கொலு பொம்மைகள் பலவும் காகிதக்கூழால் செய்யப்படுபவையே. பாடநூல் படங்களில் இடம் கருதிக் கோள்கள் ஏறத்தாழ ஒத்த அளவில் வரையப்படுவதுண்டு. ஒரே அளவுத்திட்டத்தில் செய்த மாதிரிகள், அதனால் எழும் தவறான எண்ணத்தைத் திருத்துகின்றன.

அளவுத்திட்டம்

1 செ.மீ. = 5,000 கி.மீ. எனக் கொண்டால் கோள்களின் விட்டம் (செ.மீ.) பின்வருமாறு அமையும்:

புதன் – 1
வெள்ளி – 2.4
புவி – 2.6
செவ்வாய் – 1.4
வியாழன் – 28.6
சனி – 24
யுரேனஸ் – 10.2
நெப்டியூன் – 9.9

இதே அளவில் சூரியனின் விட்டம் ஏறத்தாழ 2.8 மீட்டர். ஆகவே அதைச் செய்வதற்குப் பதிலாக, அதன் விளிம்பின் ஒரு பகுதியைச் சுவரில் சாக்கட்டியால் வளைவாக வரைந்து காட்டலாம்.

செய்முறை

ஒரு பங்கு மைதா மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, நான்கு பங்கு கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் பசை கிடைக்கும். இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு என்பதால், சிறுவர் கைபடும் பசையில் சேர்க்கக் கூடாது. பூஞ்சையைத் தடுக்கச் சிறிது உப்புச் சேர்த்தால் போதும்.

பெரிய கோள்கள் நான்கிற்கும் உருண்டையான பலூன் அச்சாகிறது. நூலால் சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் தெரியும். வியாழனுக்குச் சுற்றளவு ஏறத்தாழ 90 செ.மீ. வர வேண்டும். கையால் கிழித்த தாள் துண்டுகளைப் பசையில் தோய்த்து நான்கு அடுக்குகள் ஒட்ட வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் நிழலில் உலர்ந்த பின்பே அடுத்ததை ஒட்டலாம். வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் காற்று விரிவடைந்து பலூன் வெடித்துவிடலாம்.

சிறிய கோள்களுக்குத் தாளை இரவு முழுவதும் ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, பசை சேர்த்துப் பிசைந்து உருட்ட வேண்டும். உலரும்போது சுருங்கும் என்பதால் சற்றுப் பெரிதாக உருட்டுவது நல்லது.

சனியின் வளையத்தை 55 செ.மீ. வெளிவிட்டமும் 30 செ.மீ. உள்விட்டமும் கொண்ட அட்டையில் வெட்டி, ஈர்க்குச்சிகளால் கோளுடன் பொருத்தலாம்.

வண்ணம்

செவ்வாயின் செந்நிறத்திற்கு அதன் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு காரணம். யுரேனஸ், நெப்டியூன் ஆகியவற்றின் வளிமண்டலத்திலுள்ள மீத்தேன் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் அவை நீலச் சாயலில் தோன்றுகின்றன. வியாழனில் பட்டைகளுடன் பெருஞ்சிவப்புப் புள்ளியையும் தீட்ட வேண்டும். அதன் அகலம் புவியின் மாதிரியைவிடச் சற்றே பெரிதாக இருக்கும்.

தொலைவு

இதே அளவுத்திட்டத்தில் சூரியனிலிருந்து புவி 300 மீட்டர் தொலைவிலும் நெப்டியூன் 9 கி.மீ. தொலைவிலும் இருக்க வேண்டும். எனவே அறையில் வரிசையாகத் தொங்கவிடப்படும் மாதிரிகள் கோள்களின் அளவை மட்டுமே காட்டும், இடைவெளியைக் காட்டா. சூரியனை வரைந்த சுவரிலிருந்து 300 மீட்டர் நடந்து சென்று புவியைக் கையில் ஏந்தி நின்றால், அந்த இடைவெளியைச் சிறுவர்கள் நேரில் உணர்வார்கள்.