ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு எத்தனை மணித்தியாலம்?



"தம்பி, எத்தனை மணித்தியாலத்தில வந்து சேருவாய்?" 2016 தை மாதம் அம்மா கண்மூடிய அன்று அண்ணா ஊரிலிருந்து கேட்ட முதற் கேள்வி இது. "பதினாறு" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் பலர் அந்தக் கணக்கையே மனதில் வைத்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

கணக்கு பிழையில்லை. ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் நேர்தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். பிள்ளைகளின் பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது அத்திலாந்திக்கைக் குறுக்கே வெட்டாது. கிறீன்லாந்துப் பனிக்கு மேலால் ஏறி, வட பின்லாந்து, ரஷ்யா, மத்திய ஆசியா, இந்தியா என்று இறங்கும். விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் ஓடினால் பதினாறு மணித்தியாலம்கூட வராது.

ஆனால் அந்த நூல் வழியே நேரடி விமானம் இல்லை. லண்டனால் போனால் 5,700 கிலோமீற்றர், பிறகு 8,700. டுபாயால் போனால் 11,000, பிறகு 3,300. கூட்டிப் பாருங்கள், தூரம் பெரிதாகக் கூடவில்லை. நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பதுதான். (திரும்பி வரும்போது உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று எதிர்ப்பதால் இன்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் கூடும்.)

என் கதை இதுதான். தொலைபேசி வந்தது வெள்ளி இரவு 7 மணி. ஊரில் அப்போது சனி காலை 5:30. குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை மணித்தியாலம், கோடையில் ஒன்பதரை. ரிக்கற் கிடைத்தது அடுத்த நாள் இரவு 9 மணி விமானத்துக்கு. அதைச் சொல்ல அண்ணாவை எடுத்தபோது, என் பதினாறை நம்பி, ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கு எடுப்பதென்று அறிவித்தல் கொடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர் எல்லாம் வந்திறங்கியாயிற்று. அதை மாற்றும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த நேரம் நான் லண்டனில் இறங்கி, அடுத்த விமானத்துக்குப் பதினொன்றரை மணித்தியாலம் காத்திருக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன். கட்டுநாயக்காவில் இறங்கியது திங்கள் நண்பகல். பிறகு வானில் எட்டு மணித்தியாலம். 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டு ஊருக்குப் போக வழியில்லாமல் தவித்தவர்களுக்கு அந்த எட்டு ஒன்றுமேயில்லை. வீட்டுப் படியேற இரவு 10 மணி. தொலைபேசி வந்ததிலிருந்து அறுபத்துநான்கரை மணித்தியாலம். அதில் ஆகாயத்தில் இருந்தது பதினேழு மட்டும்.

ஆகவே ஊரிலிருந்து கேட்டால் உடனே ஒரு எண்ணைச் சொல்லாதீர்கள். கடவுச்சீட்டும் விசாவும் சரியா, எந்த விமானத்தில் இடம் என்று பார்த்து, வீட்டுப் படி வரைக்கும் கணக்கிட்டுச் சொல்லுங்கள். அதுவரை நேரம் குறிக்க வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தாறு. அண்ணா வீட்டுக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: ரொறன்ரோ மூன்று நாள், பாரிஸ் தங்கச்சி இரண்டு நாள்.