காற்று அறிவிப்பைப் படித்தறியும் முறை

"மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் பலத்த காற்று வீசக்கூடும்" என்ற வகையில் வானிலை அறிவிப்புகள் வெளியிடப்படுகின்றன. கேட்போரில் பலர் முதலில் வரும் எண்களை மட்டும் நினைவிற்கொண்டு, 'இடையிடையே' என்னும் சொல்லையும் அதனை அடுத்து வரும் எண்ணையும் விட்டுவிடுகின்றனர். ஆனால் கூரையைப் பெயர்ப்பதும், வாழையை முறிப்பதும், படகைக் கவிழ்ப்பதும் பெரும்பாலும் அவ்வாறு இடையிடையே வரும் காற்றே ஆகும். ஆகவே, அறிவிப்பின் ஒவ்வொரு பகுதியும் எதைக் குறிக்கிறது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

திசை

காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. வடமேற்குக் காற்று என்பது வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி வீசுவதாகும். தமிழில் இம்முறை புதிதன்று. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. காற்றுத் திசைகாட்டியின் அம்பு முனையும் காற்று வரும் பக்கத்தையே நோக்கி நிற்கும்.

சராசரி வேகம்

காற்றின் வேகம் திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படுகிறது. அது கணத்துக்குக் கணம் மாறுவதால் சராசரியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. சர்வதேச வழக்கில் இது 10 நிமிடச் சராசரி. இந்திய வானிலைத் துறை புயல்களுக்கு 3 நிமிடச் சராசரியைக் கையாளுகிறது. தோப்புகளும் வீடுகளும் சூழ்ந்த இடத்தில் காற்று இதனினும் குறைவாகத் தோன்றலாம். வெட்டவெளியிலும் கடற்கரையிலும் அத்தகைய தடை இல்லை.

இடையிடையே வரும் வீச்சு

மரம், கட்டடம், மேடு ஆகியவற்றில் மோதும் காற்று சுழிப்புகளாகச் சிதறுகிறது. வெயிலால் சூடேறிய தரையும் காற்றைக் கலக்குகிறது. இவற்றால் சில விநாடிகளுக்கு மட்டும் வேகம் மிகுந்து, பின்னர் தணிகிறது. இடிமேகத்திலிருந்து மழையுடன் இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் பரவும்போது வீச்சு இன்னும் கடுமையாகும். மார்ச் முதல் மே வரை வங்காளத்தில் வீசும் 'கால்பைசாகி' இத்தகையது.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அதிகரிக்கிறது. எனவே, வேகம் 45 கிலோமீட்டரிலிருந்து 65 கிலோமீட்டராக உயர்ந்தால், தாக்கும் விசை இரு மடங்கிற்கும் சற்று மேலாகிறது. 2019 மே 3ஆம் தேதி ஒடிசாவில் பூரிக்கு அருகே ஃபானி புயல் கரையைக் கடந்தபோது, வேகம் 175 முதல் 180 கிலோமீட்டராகவும், இடையிடையே 205 கிலோமீட்டராகவும் இருந்தது. 180க்கும் 205க்கும் இடையே விசை ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது. கூரையின் கட்டுகளைச் சோதிப்பவர் பெரிய எண்ணையே கணக்கிற்கொள்ள வேண்டும்.

திசை மாற்றம்

வட கோளார்த்தத்தில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பவருக்குப் புயலின் மையம் ஏறக்குறைய இடக்கைப் பக்கத்தில் இருக்கும். மையம் ஓர் ஊரின் மீது நேரே கடக்கும்போது காற்று திடீரென ஓய்கிறது. சில சமயம் வானமும் வெளுக்கிறது. புயல் போய்விட்டதென்று எண்ணி மக்கள் வெளியே வருவது பேரபாயம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் கடுமையாகத் தாக்கும். முதற்காற்றில் தளர்ந்து நிற்கும் சுவரும் மரமும் இப்போது விழக்கூடும்.

கருவியின்றி அறிதல்

பள்ளியில் கருவி இல்லாவிடினும் காற்றை மதிப்பிடலாம். பெரிய கிளைகள் அசைந்து, குடை பிடிப்பது கடினமானால், வேகம் 39 முதல் 49 கிலோமீட்டர். மரம் முழுவதும் ஆடி, காற்றை எதிர்த்து நடப்பது சிரமமானால், 50 முதல் 61. சிறு கிளைகள் ஒடிந்தால், 62 முதல் 74. மாணவர் நாள்தோறும் இக்குறிப்புகளை எழுதி, அன்றைய அறிவிப்புடன் ஒப்பிட்டு வந்தால், தம் ஊரில் காற்று எங்கே தணியும், எங்கே மிகும் என்பதை அறிவர். அடுத்த எச்சரிக்கை வரும்போது, எந்தக் கூரையை முதலில் கட்ட வேண்டும் என்று அவர்களால் சொல்ல இயலும்.