செயலிழந்த மின்வழங்கியில் பழுதைத் தேடும் முறை

இரு பருவப்பெயர்ச்சிக் காலங்களுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், மீண்டும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மத்திய மலைநாட்டில் பிற்பகல் இடிமழை வலுப்பதுண்டு. மின்னலின் தாக்கம் கம்பி வழியே வீட்டினுள் புகுந்து தொலைக்காட்சியையோ டிஷ் பெட்டியையோ செயலிழக்கச் செய்வதற்கு ஏற்ற காலமும் அதுவே. இலங்கையின் பெருமளவிலான நீர்மின் உற்பத்திக்கு வழிகாட்டியவை இதே மலைகள்தாம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த ஆய்வுரையும், 1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபான மின்நிலையமும் அவ்வரலாற்றின் மைல்கற்கள். ஆனால் அம்மின்சாரம் தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அவ்வளவு தாமதித்து வந்த மின்சாரத்தை நம்பிச் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய கருவியொன்று, மிகக் குறைந்த விலையுள்ள உறுப்பொன்று கெட்டதற்காகக் குப்பைக்குப் போவது நியாயமன்று. ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து ஹட்டன் நகரக் கடைக்குக் கருவியைச் சுமந்து வருபவருக்கு, பழுது எங்கே என்று ஒழுங்காகத் தேடிப் பார்க்கப்படும் உரிமை உண்டு.

இக்கருவிகளில் பெரும்பாலும் முதலில் அடிபடும் பகுதி மின்வழங்கி, அதாவது கடைகளில் பவர் சப்ளை எனப்படும் சுற்று. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஆடலோட்டத்தை, உள்ளிருக்கும் சிப்புகளுக்கு வேண்டிய 5 அல்லது 12 வோல்ட் நேரோட்டமாக மாற்றித் தருவது இதன் பணி. பழைய வானொலிகளில் கனத்த இரும்பு நிலைமாற்றி அதைச் செய்தது. இன்று அவ்விடத்தில் இருப்பது எஸ்எம்பிஎஸ் எனப்படும் ஆளிமுறை மின்வழங்கி. அதில் நான்கு டயோட்டுகள் ஆடலோட்டத்தை நேராக்க, பெரிய கொள்ளளவியொன்று அதைச் சேமித்து வைக்கிறது. 230 வோல்ட் அலையின் உச்சம் அதைப்போல் 1.414 மடங்கு என்பதால், அக்கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கும். ஒரு திரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடிச் சிறிய நிலைமாற்றிக்குச் செலுத்துகிறது. மறுபக்கம் கிடைக்கும் குறைந்த மின்னழுத்தம் மீண்டும் நேராக்கப்பட்டு வெளியே வருகிறது.

வெளியீட்டில் மின்னழுத்தம் இல்லையென்றால், இந்தப் பாதையில் அது எந்த இடம்வரை வந்து நின்றது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கைக்கு வந்த உறுப்பையெல்லாம் மாற்றிப் பார்ப்பது தேடலாகாது. தொடக்கப் புள்ளி உருகி, அதாவது பியூஸ். அதன் கண்ணாடி கரிந்தோ சிதறியோ இருந்தால், டயோட்டோ திரான்சிஸ்டரோ உட்குறுக்கு அடைந்து பெருமின்னோட்டம் பாய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். காரணத்தைக் கண்டறியாமல் புதிய உருகியை இட்டால் அதுவும் எரியும். உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கமோ வீட்டையே எரிக்கவல்லது. ஐயம் இருக்கையில் 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின் கொடுப்பது நல்ல முறை. பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் கொள்ளளவி நிரம்பிவிட்டது என்று பொருள். விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே குறுக்குச் சுற்று இருக்கிறது. எல்ஈடி பல்பு இதற்கு உதவாது.

உருகி நலமாக, கொள்ளளவியில் 325 வோல்ட்டும் இருக்க, வெளியீடு மட்டும் சுழியமாக இருக்கும் நிலை தனிக் கவனத்துக்குரியது. கட்டுப்படுத்தும் சிப்புக்கு முதல் மூச்சாகச் சிறு மின்னோட்டம் தரும் உயர்மதிப்புத் தடையி அறுந்துபோவதும், அச்சிப்பின் அருகிலுள்ள சிறிய கொள்ளளவி வெப்பத்தில் வறண்டுபோவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். வெளியீட்டு டயோட்டு குறுக்காகிவிட்டால் சிப்பு தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நின்று நின்று மீண்டும் முயல்வதால், ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்பதுமுண்டு. அளக்கும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். நிலைமாற்றியின் இருபுறமும் மின்வழியில் பிரிக்கப்பட்டவை ஆதலால், உள்ளீட்டுப் பக்கத்தை அளக்கப் பெரிய கொள்ளளவியின் எதிர்முனையையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். வெளியீட்டுப் பக்கத்தில் முனையை வைத்தால் உயிருள்ள இடமும் செத்ததுபோலக் காட்டும்.

உயிராபத்து மிகுந்ததும் இந்த நிலையே. இயங்கும் மின்வழங்கி, பிளக்கைக் கழற்றியதும் தன் கொள்ளளவியில் உள்ளதைத் தானே செலவழித்துவிடும். இயங்காத மின்வழங்கியில் அதைச் செலவழிப்பார் இல்லாமையால், மின்னேற்றம் நெடுநேரம் அங்கேயே நிற்கும். திருப்புளியால் குறுக்கிட்டுப் பொறி பறக்க விடுவது கண்ணுக்கும் கைக்கும் கேடு. சில ஆயிரம் ஓம் மதிப்பும் போதிய வாட் திறனும் கொண்ட தடையியைக் காப்பிட்ட இடுக்கியால் பிடித்து இரு முனைகளுக்கும் இடையே சற்று நேரம் வைத்து, பின்னர் மீட்டரால் அளந்து உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும்.

மலைநாட்டின் ஈரம் இவ்வேலையை மேலும் சிக்கலாக்குகிறது. மாதக்கணக்கில் மூடுபனி புகும் அறையில் பலகை மீது படியும் ஈரமும் தூசும் மின்கசிவுக்கு வழிவகுக்கும். ஆகவே உறுப்புகளைக் குறைசொல்லுமுன் பலகையைத் துடைத்து, உலர்த்திப் பார்ப்பது நலம்.

பயிற்சி இல்லாதவர் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஆனால் வானம் கறுத்து இடி தொலைவில் முழங்கத் தொடங்கும்போதே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவைப்பது எவராலும் முடியும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அதன் சிறு இடைவெளியை மின்னல் எளிதில் தாண்டிவிடும். இடி தலைக்குமேல் வந்தபின் அவற்றைத் தொடவே கூடாது.