போன் அதிர்ந்தால் பணம் போய்விட்டதா?



நம் குழு ஒன்றில் நடந்த சங்கதி இது. உறுப்பினர் ஒருவர் கடன் தவணை 1,200 ரூபாயை டச் போனில் குழுக் கணக்குக்கு அனுப்பினார். "போன் டுர்ருன்னு அதிர்ந்துச்சு, பணம் போயிருச்சு"ன்னு கூட்டத்தில் சொன்னார். மறுநாள் பாஸ்புக்கில் வரவு இல்லை. "பொய் சொல்லிட்டா"ன்னு பேச்சு கிளம்பிவிட்டது. அந்தச் சகோதரி இரண்டு வாரம் கூட்டத்துக்கே வரவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. போன் அதிர்ந்தது உண்மை. ஆனால் அதிர்வுக்கு அர்த்தம் வேறு. அதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

போன் ஏன் அதிருது?

பழைய பட்டன் போனில் எண்ணை அமுக்கினால் பட்டன் உள்ளே போகும். அமுங்கியது விரலுக்கே தெரியும். டச் போனில் இருப்பது வெறும் கண்ணாடி. அது அமுங்காது. கண்ணாடிக்கு அடியில் லேசான மின்சாரம் பரவியிருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரல் பட்ட இடத்தில் அந்த மின்சாரம் கொஞ்சம் மாறும். அதை வைத்து, எந்த இடத்தைத் தொட்டோம் என்று போன் கண்டுபிடிக்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால்தான் ஈரக்கையில் தொட்டால் போன் தடுமாறுது.

தொட்டது பதிவானது நமக்குத் தெரிய வேண்டுமே! அதற்காகத்தான் உள்ளே ஒரு குட்டி மோட்டார் வைத்திருக்கிறார்கள். அதன் முனையில் ஒரு பக்கம் மட்டும் கனமான துண்டு இருக்கும். வாஷிங் மெஷினில் துணி ஒரே பக்கம் ஒதுங்கினால் மெஷின் குதிக்குமே, அதே மாதிரி மோட்டார் சுற்றும்போது போன் குலுங்கும். சில போன்களில் மோட்டாருக்குப் பதில், ஸ்பிரிங்கில் மாட்டிய எடையைக் காந்தம் முன்னும் பின்னும் இழுக்கும். அதில் 'டிக்' என்று சின்னதாக ஒரு தட்டு கிடைக்கும். 2016-ல் வந்த ஐபோன் 7-ல் கீழே உள்ள பட்டன் அசையவே அசையாது. இந்தத் தட்டுதான் அமுங்கியது போல விரலை நம்ப வைத்தது.

கண் தெரியாத சகோதரிகளுக்கு இது பெரிய துணை. ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' வசதியைப் போட்டால், தொட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் வாய்விட்டுச் சொல்லும், அதிரவும் செய்யும்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

* அதிர்வு என்றால் "நீ தொட்டது தெரிந்தது" என்றுதான் அர்த்தம். "பணம் சேர்ந்தது" என்று அர்த்தம் இல்லை.
* நெட் மெதுவாக இருந்தால் திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். இரண்டு தடவை பணம் போய்விடலாம். முதலில் ஆப்பில் பழைய பரிவர்த்தனைகளைப் பாருங்கள்.
* கணக்கில் வரவு பார்த்த பிறகே குழுப் பதிவேட்டில் எழுதுங்கள்.
* பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வாங்க வேண்டாம். "பணம் வரும், பின் நம்பர் போடுங்க"ன்னு யாராவது சொன்னால் அது ஏமாற்று. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அந்தச் சகோதரியின் 1,200 ரூபாய் அவர் கணக்கிலேயே இருந்தது. அன்று நெட் இல்லை, அவ்வளவுதான். ஊக்குநரும் உறுப்பினர்களும் அவர் வீட்டுக்கே போய் வருத்தம் தெரிவித்து அழைத்து வந்தார்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். பணத்துக்கு முன்னால் குழுவுக்கு முதல் நம்பிக்கைதானே!